முதல் தலைமுறை ஸ்விஃப்ட் டிசையர்: இன்று செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஆட்டோ கன்சல்டிங்குக்குப் போனாலும் வாசலில் ஒரு பழைய டிசையராவது நிற்கும். 2008 மார்ச்சில் மாருதியின் பழைய செடான் எஸ்டீமின் இடத்துக்கு வந்தது. 2012 பிப்ரவரியில் குட்டை வால் டிசையர் வந்த பிறகும் டாக்ஸிக்காரர்களுக்காக 'டிசையர் டூர்' என்ற பெயரில் விற்றது. ஸ்விஃப்டுக்குப் பின்னால் ஒரு பெட்டியை ஒட்டவைத்தது போல இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அந்தப் பெட்டி 440 லிட்டர். அடுத்த தலைமுறையை வரிச் சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் சுருக்கி 3,995 மி.மீ. ஆக்கியபோது டிக்கி 316 லிட்டராகக் குறைந்துபோனது. ஊருக்குப் போகும்போது இரண்டு பெரிய சூட்கேஸும் ஒரு அரிசி மூட்டையும் வைத்து டிக்கியை அடைக்க வேண்டும் என்றால் பழைய வண்டிதான் சரி.

குறை பின் சீட்டில். வீல்பேஸ் ஸ்விஃப்டின் அதே 2,390 மி.மீ. முன்னால் உயரமானவர் உட்கார்ந்து சீட்டைத் தள்ளிக்கொண்டால் பின்னால் இருப்பவர் முட்டி இடிக்கும். மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து சென்னையிலிருந்து மதுரை போவது கஷ்டம். வண்டி பார்க்கப் போகும்போதே வீட்டில் உயரமான ஆளைக் கூட்டிப்போய் பின் சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். அது சரிவராவிட்டால் இன்ஜினைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த வண்டியில் மூன்று இன்ஜின் வந்தன. 2008 முதல் 2010 வரை 1.3 லிட்டர் பெட்ரோல், 1,298 சிசி. 2010-ல் பிஎஸ்-4 புகை விதி வந்தபோது அதன் இடத்தில் 1,197 சிசி கே-சீரிஸ் பெட்ரோல். இரண்டு காலத்திலும் கூடவே இருந்தது 1,248 சிசி டீசல். ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜினை லைசன்ஸ் வாங்கி மாருதி தயாரித்தது. டாடா, ஃபியட் வண்டிகளிலும் அதே இன்ஜின் குடும்பம் இருப்பதால் அதைத் தெரியாத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது என்றாலும் சாமான் கிடைப்பதில் இன்றைக்கும் சிக்கல் இல்லை.

பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். நன்றாக இருக்கும் பெட்ரோல் வண்டி ஊருக்குள் ஏசியோடு 12-13 கி.மீ. கொடுக்கும், டீசல் 16-17 கொடுக்கும். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 13-க்கும் 17-க்கும் கணக்கிட்டு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 30 காசு மிச்சம். வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு இது சுமார் 18,000 ரூபாய். பதினைந்து வயது டீசலில் டர்போவோ டைமிங் செயினோ ஒரு முறை வேலை வைத்தால் அந்த மிச்சம் மொத்தமும் போய்விடும். வருஷம் 15,000 கி.மீ.-க்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஹைவேயில் ஓட்டுபவர் டீசலைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு 2010-க்குப் பிறகு வந்த கே-சீரிஸ் பெட்ரோல், ஓன் போர்டு (சொந்த உபயோகப் பதிவு), முடிந்தால் ஒரே ஓனர். இதுதான் எங்கள் முதல் தேர்வு.

2008-10 பெட்ரோலை மலிவாகக் கொடுத்தால் ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதில் டைமிங் பெல்ட், கே-சீரிஸில் டைமிங் செயின். பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். 'போன வருஷம்தான் சார் மாத்தினோம்' என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

டீசல் வாங்குவதென்றால்

டீசலிலும் டைமிங் செயின்தான். செயின் என்பதால் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள். அது பாதி உண்மை. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. 10,000 கி.மீ.-க்கு மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை இழுத்த வண்டியிலும், ஆயில் அளவு குறைந்தே ஓடிய வண்டியிலும் டென்ஷனர் தளர்ந்து செயின் நீண்டுவிடும். இந்த இன்ஜின் குடிப்பது மூன்று லிட்டரை ஒட்டிய ஆயில்தான். அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. நீண்ட செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி ராக்கர் ஆர்ம்கள் உடையும். ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேட்பது. விற்பவரிடம் காலையில் வருகிறோம், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினில் சாவி திருப்பியதும் டைமிங் கவர் பக்கமிருந்து சங்கிலியை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஓரிரு விநாடி சத்தம் வந்து அடங்கினால் டென்ஷனர் தளர ஆரம்பித்திருக்கிறது. சூடான பிறகும் அடங்காவிட்டால் செயின், டென்ஷனர், கைடு, ஸ்பிராக்கெட் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றி மற்றதை விட்டால் அதே வேலை திரும்பி வரும். இந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பார்க்கலாம்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே லேசாக வைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆவி வருவது சகஜம். மூடி துள்ளினால், புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அங்கிருந்தபடியே இன்ஜெக்டர்களின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தார் உருகியது போலக் கறுப்பாகப் படிந்திருந்தால் காப்பர் வாஷர் வழியே கம்ப்ரஷன் கசிகிறது. 'ட்ஸ் ட்ஸ்' என்று சத்தமும் கேட்கும், கேபினுக்குள் புகை வாசம் வரும். வாஷர் விலை அற்பம். ஆனால் வருஷக்கணக்கில் விட்டிருந்தால் இன்ஜெக்டர் உள்ளேயே பிடித்துக்கொள்ளும்; அதை உடைக்காமல் எடுப்பதற்கு நல்ல கைகாரர் வேண்டும்.

டர்போவை ஓட்டிப் பார்க்க வேண்டும். 190 என்எம் டார்க் 2,000 ஆர்பிஎம்மில் வரும் இன்ஜின் இது. அதற்குக் கீழே மந்தமாகத்தான் இருக்கும். அதைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது. மூன்றாம் கியரில் 1,500-ல் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினால், 2,000-ஐத் தொடும் இடத்தில் முதுகைத் தள்ள வேண்டும். தள்ளாமல் கறும்புகை மட்டும் வந்தால் ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கரி பிடித்திருக்கலாம், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், டர்போவே போயிருக்கலாம். செலவு எதில் குறைவோ அதிலிருந்து தேடச் சொல்லுங்கள்: முதலில் ஹோஸ், பிறகு ஈஜிஆர் சுத்தம், கடைசியில்தான் டர்போ. ஹோஸின் உள்ளே லேசான ஆயில் ஈரம் எல்லா வண்டியிலும் இருக்கும். வழிந்து தேங்கியிருந்தால்தான் கவலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டேங்கில் பச்சை அல்லது நீலக் கூலன்டுக்குப் பதில் துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் இருந்தால் முந்தைய ஓனர் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

கே-சீரிஸ் பெட்ரோலைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஐடிலிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடி சுத்தம் செய்ய வேண்டும். இழுக்கும்போது மிஸ்ஸிங் அடித்தால் இக்னிஷன் காயில் அல்லது பிளக். ஏசி போட்டதும் ஸ்டீயரிங் வரை அதிர்ந்தால் இன்ஜின் மவுன்ட். எல்லாம் அரை நாள் வேலை. பழைய வண்டி என்பதால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு, பெட்ரோல் வாசம் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து ரப்பரை மாற்றிவிடுவது நல்லது.

டி-போர்டு, டெல்லி வண்டி, வெள்ளத்தில் நின்றது

டிசையர் என்றால் டாக்ஸி. டி-போர்டில் (டாக்ஸி பதிவில்) லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஓன் போர்டாக மாற்றி, மீட்டரில் 80,000 என்று திருப்பிவைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. ஆர்சியின் பழைய விவரங்களைக் கேட்பதோடு வண்டியிடமே கேளுங்கள். நம்பர் பிளேட் ஸ்க்ரூவைக் கழற்றினால் இடுக்கில் மஞ்சள் பெயின்ட். கூரை ஓரத்தில் கேரியர் பிடித்த தழும்பு. டாக்ஸிக்குக் கட்டாயமான 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய இடத்தில் வெட்டி டேப் சுற்றிய வயர். டேஷ்போர்டுக்கு அடியில் டாக்ஸி மீட்டரின் வயர். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளட்ச் பெடல் ரப்பர், கியர் நாப், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் இவை மூன்றும் தேய்ந்து மீட்டரில் 80,000 இருந்தால் மீட்டர்தான் பொய். மூன்றும் புத்தம்புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். மாருதி அங்கீகார சர்வீஸில் விட்ட வண்டியாக இருந்தால் ஒவ்வொரு சர்வீஸின் கிலோமீட்டரும் கணினியில் இருக்கும். ஓனரைக் கூட்டிப்போய் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். வரத் தயங்குபவரிடம் பேசிப் பயனில்லை.

டாக்ஸியாக ஓடியது என்பதாலேயே தள்ள வேண்டுமா? இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி ஹைவேயில் ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் டீசல், ஷெட்டிலேயே தூங்கிய 60,000 கி.மீ. வண்டியைவிட நன்றாக இருக்கும். உண்மையைச் சொல்லி, டாக்ஸி விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம்.

டெல்லி பதிவு வண்டி ஏன் மலிவு என்று பலர் கேட்கிறார்கள். அங்கே பத்து வயது டீசலும் பதினைந்து வயது பெட்ரோலும் ஓட்டத் தடை விழுந்ததால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். இங்கே கொண்டுவந்து பதிவு மாற்ற அங்கிருந்து என்ஓசி வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், அலைய வேண்டும். விலையில் தெரியும் லாபம் இதில் கரைந்துவிடும்.

சென்னை, கடலூர் பக்க வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தண்ணீர் ஏறிய இடத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுபவர்கள் பெல்ட்டின் உள் சுருளை மறந்துவிடுவார்கள். சீட் ரெயில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸில் பச்சைக் களிம்பு, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடிக்கும் வாடை எல்லாம் அதே கதையைச் சொல்லும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வெள்ளம் பார்க்காத டிசையரிலும் டெயில் லேம்ப் கேஸ்கெட் வழியே மழைத் தண்ணீர் இறங்கி அங்கே தேங்கித் துருப்பிடிப்பதுண்டு. கேஸ்கெட் கசிவு மட்டும் என்றால் சரிசெய்யலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். வயரிங் கோளாறு ஒன்றைச் சரிசெய்தால் ஆறு மாதத்தில் இன்னொன்று வரும்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்கக் கையோடு ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணி சுற்றி ஃபெண்டர், கதவு, பின் குவாட்டர் பேனல் எங்கும் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி. ஃபெண்டரில் கொஞ்சம் பட்டி இருந்தால் மன்னிக்கலாம். பானெட்டைத் திறந்து இரண்டு பக்க ஏப்ரனையும் (இன்ஜினின் பக்கவாட்டு உள் தகடு), ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சம இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக இருக்கும். அது காணாமல் பட்டையாக வெல்டிங் ஓடியிருந்தால் பலத்த அடி. கண்ணாடிகளின் மூலையில் உள்ள வருடக் குறியீடு ஆறிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஓட்டிப் பார்க்கும்போது

இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. மெதுவாகச் சின்னச் சின்னப் பள்ளத்தில் ஏற்றும்போது முன்னாலிருந்து 'டக் டக்' சத்தம் இந்த வண்டிக்கு ஏறக்குறைய பிறவிக்குணம். பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ், மலிவான சாமான். அது மாற்றியும் போகாவிட்டால் ஸ்டீயரிங் ரேக். ரேக் செலவு பிடிக்கும் என்பதால் சத்தம் எங்கே என்று ஜாக்கியில் ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்தும்போது 'கடக் கடக்' என்றால் சிவி ஜாயின்ட். பெரும்பாலும் ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்திருக்கும். 60-ல் ஆரம்பித்து வேகத்தோடு கூடும் ஹூம் சத்தம், வளைவில் மாறினால் வீல் பேரிங், மாறாவிட்டால் டயர்.

நியூட்ரலில் நிறுத்தி கிளட்ச்சை அழுத்தும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங். கால் எடுத்தபோது சத்தம் இருந்து, அழுத்தியதும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். இரண்டாவது மிகவும் செலவு. டீசலில் ஊருக்குள் கிளட்ச்சில் கால் வைத்தே ஓட்டும் பழக்கத்தால் பிளேட் சீக்கிரம் தேயும். நாலாவது கியரில் 40-ல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாதிருந்தால் கிளட்ச் செட் மாற்ற வேண்டும்.

ஏசியை உச்சி வெயிலில், நின்ற இடத்தில் பதினைந்து நிமிஷம் போடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் அனல் அடித்தால் ரேடியேட்டர் ஃபேனும் கண்டென்சரும் சோதிக்க வேண்டும். எப்போதும் குளிராவிட்டால் கேஸ் லீக். கூலிங் காயிலில் என்றால் டேஷ்போர்டையே கழற்றும் வேலை. 'கேஸ் மட்டும் போட்டா போதும்' என்பது விற்பவர்களின் தாரக மந்திரம். போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சாவியை ஆன் செய்தால் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டும் எல்லா வேரியன்டிலும் கிடையாது. அடிப்படை வேரியன்டான எல்எக்ஸ்ஐ, எல்டிஐ வண்டியில் தேட வேண்டாம். குடும்பத்துக்கு வாங்குபவர் மேல் வேரியன்டாகத் தேடுவதே நல்லது. டயரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாம் வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியதை மாற்றிவிடுங்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து மாருதி சர்வீஸ் சென்டரில் பழைய ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2014 செப்டம்பரில் வயரிங் ஹார்னஸ் குறைக்காகத் திரும்ப அழைத்த வண்டிகளில் டிசையரும் இருந்தது.

காகிதம்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஓன் போர்டு ஆர்சிக்குப் பதினைந்து வருஷம்தான் ஆயுள். 2010 வண்டியின் ஆர்சி 2025-லேயே முடிந்துவிட்டது. எஃப்சி காட்டிப் புதுப்பித்தால் ஐந்து வருஷம் கிடைக்கும். கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 5,000; தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடும், பசுமை வரி தனி. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000. அதனால் புதுப்பித்துக் கொடுத்த வண்டியாகப் பாருங்கள். 'எஃப்சி நீங்க பாத்துக்கோங்க, பத்தாயிரம் கம்மி பண்றேன்' என்றால் டிங்கரிங், டயர், புகைச் சோதனை எல்லாம் நம் தலையில் விழும்.

பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு ஆர்சி தேதி, இன்ஷூரன்ஸ், இ-சலான் பாக்கி பாருங்கள். கடன் ஏறியிருந்தால் வங்கி என்ஓசியும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் வாங்கியே பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29-ம் 30-ம். வெற்று ஃபார்மில் கையெழுத்து வாங்கி மாதக்கணக்கில் சுற்றவிடும் வழக்கம் விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, நமக்கு வராது. இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால், வண்டிக்குச் சேதம் வந்தால் கிளெய்ம் தகராறாகும்.

இரண்டு லட்சத்துக்கு வண்டி பேசினால் நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வாங்கிய உடன் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டும். டீசலில் டீசல் ஃபில்டரும் சேரும். பழைய டீசலில் புது ஆயில் கறுத்துப்போவது ஒரே நாளில் நடக்கும், பயப்பட வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, குளிர்ந்த இன்ஜினில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கால்வாசிக்கு மேல் இறங்கியிருந்தால் கசிவா, எரிகிறதா என்று அப்போதே தேட ஆரம்பிக்க வேண்டும்.